வெட்டிய பூட்டு

“குடுங்க. சாக்கடையில போட்டுட்டு வந்துடறேன்,” என்றாள் மனைவி.

அவர் கையை விரிக்கவில்லை. உள்ளே வளையம் அறுந்த ஒரு சின்னப் பூட்டு. விசாரணைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

ரொட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன். மின்பெட்டியைத் திறக்குமுன் கண்ணை மூடி ஒரு நொடி ஜெபிப்பார். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் ‘பாஸ்டர்’.

“ஜெபம் பண்ணா கரண்டு அடிக்காதா பாஸ்டர்?” என்று கேட்பான், மாவு பிசையும் இயந்திரத்தைக் கழுவுகிறவன்.

“அடிக்கும். அப்ப தனியா இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

கழுவுகிறவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. மறதி. இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். இவன் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விடுவான். வாரம் ஒரு பூட்டாவது வெட்ட வேண்டியிருக்கும். எல்லாப் பூட்டிலும் அவன் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. வெட்டியதை மறுநாள் அவனிடம் நீட்டிக் கிண்டல் செய்வதற்காக பாஸ்டர் பையில் வைத்துக்கொள்வார்.

போன மாதம், ஷிப்டு மாறும் நேரம். “மறுபடியும் மறந்துட்டுப் போயிட்டான் அத்தான். வெட்டுங்க,” என்றான் மேற்பார்வையாளன். மனைவியின் தம்பி. இருவரும் சிரித்தார்கள். இவர் வெட்டினார். அவன் பொத்தானை அழுத்தினான்.

அன்று மறதி மறக்கவில்லை. உள்ளேதான் இருந்தான்.

சுவிட்சில் பூட்டே இல்லை என்று நிர்வாகம் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருந்தது. அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

“தம்பியை நான் இடுப்புல வெச்சு வளத்தேன்,” என்றாள் மனைவி. “போனவன் திரும்பி வரப்போறானா?”

“வர மாட்டான்.”

“அப்ப யாருக்காக?”

“பூட்டு மாட்டாம இறங்கிட்டான்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காங்க. நம்பிட்டா. செத்தவன் மேல கோவமா இருக்கா.”

“நீங்களும்தானே ஜெயிலுக்குப் போவீங்க.”

“ஆமா.”

“எங்களைப் பாதுகாத்துக்கொள்ளும் ஆண்டவரேன்னு தினமும் சாயங்காலம் கேக்கறீங்க. இப்ப அவரே ஒரு வழி காட்டியிருக்கார். வேண்டாங்கறீங்க.”

அந்த வரியை அவர் ஒரு மாதமாகச் சொல்லவில்லை. அவள் கவனித்திருக்கவில்லை.

செருப்பை மாட்டினார். “பயமா இருக்கு. நீயும் கூட வாயேன்.”

அவள் அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வரவில்லை.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடவில்லை. அதிகாரி கேட்டார், “சுவிட்சுல பூட்டு இருந்துச்சா?”

பூட்டை மேசைமேல் வைத்தார். “இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். உள்ள எட்டிப் பாக்கலை.” வெட்டச் சொன்னது யார், பொத்தானை அழுத்தியது யார் என்பதையும் சொன்னார்.

எதிர் நாற்காலியில் மைத்துனன். “அத்தான்,” என்றான், சிறுவயதில் சைக்கிள் கேட்கும் அதே குரலில்.

மறதியின் மனைவி எழுந்து வந்து சிவப்புப் பொட்டின் மேல் விரலை வைத்தாள்.

“ஒரு மாசமா அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன்,” என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, “சொன்னீங்களே, நல்லா இருங்க. இனிமே என் கண்ணுல படாதீங்க.”

மறுநாள் ஞாயிறு. மனைவி மகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் சர்ச்சுக்குப் போய் வழக்கமான மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள், அவரும் எழுந்து பாடினார். மதியம் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி ஒரு தாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்து வைத்தார்.