மலைக்குப் போகும் கை

என் வலது கை மணிக்கட்டோடு போய் நான்கு வருடமாகிறது. இலங்கையில் பதுளைக்கு அருகே, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவள் நான். கொழுந்து மிகுந்த ஒரு மாதத்தில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள், உருளை இயந்திரம் கையை இழுத்துக்கொண்டது. பிறகு என்னைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பதினெட்டு வயதிலிருந்து தேயிலை மலையில் நின்று கொழுந்தெடுத்தவளைத் தொட்டில் ஆட்டச் சொன்னால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது.

பதுளைக்குச் செயற்கைக் கை செய்யும் ஆய்வுக் குழு வந்தபோது நானே போய் நின்றேன். அவர்கள் மாட்டிவிட்டது வெறும் பொம்மைக் கை இல்லை. விரல் நுனியில் ஏதாவது பட்டால் என் மேல்கையில் கட்டிய பட்டை அதிரும்; அழுத்தினால் அதிர்வு கூடும். முதல் நாள் ஒரு முட்டையைக் கொடுத்தார்கள். உடையாமல் பிடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கையைச் செய்த இளம்பெண்ணிடம் சொன்னேன்: "முட்டை பிடிக்கவா மிஸ் நான் வந்தேன்? கொழுந்து ஒடிக்கணும்."

வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த தேயிலைச் செடியில் முயன்றேன். பட்டை அதிரவே இல்லை. முழு நாளும் எரிச்சலோடு கிடந்துவிட்டு, மறுநாள் தேயிலைக் கிளையொன்றை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

"நாங்க விரல் நுனியால கிள்ள மாட்டோம் மிஸ். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கத்துக்கும் நடுவுல வச்சு ஒடிப்போம். ஒங்க கை அந்த எடத்துல செத்துக் கெடக்கு."

அவள் கிளையை வாங்கித் தானே ஒடித்துப் பார்த்தாள். "இத நாங்க யோசிக்கவே இல்லக்கா," என்றாள். தொடுகையை அறியும் வில்லையை விரலின் பக்கத்துக்கு மாற்ற மூன்று வாரம் எடுத்தது.

மாற்றிய கையால் அவர்கள் முன்னாலேயே ஒடித்துப் பார்த்தேன். இளங்காம்பு ஒடிந்ததும் அதிர்வு சட்டென்று நின்றது. முற்றிய காம்பு ஒடியாமல் இழுபட, அதிர்வும் நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒடித்தேன், பிசகவில்லை. அங்கேயே அழுதேன். அதில் என்ன வெட்கம்!

தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளைக்கு நம்பிக்கையில்லை. காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஏன் புள்ள ஒனக்கு இந்த வீம்பு? இன்னைக்கு ஒரு நாள் பாக்குறேன். முத்தல் எலை கலந்துச்சுன்னா கடைசி வரைக்கும் பிள்ளைக்காம்பராதான்."

"சரிங்க ஐயா," என்றேன். இடுப்பில் ஒரு துணிப்பையையும் கட்டிக்கொண்டேன். இடது கை எடுத்ததை வழக்கம்போல் முதுகுக் கூடையில் போட்டேன். புதுக் கை எடுத்தது பைக்குள் போனது. அதன் யோக்கியதை எனக்கும் தெரிய வேண்டாமா? நாள் முழுக்க அந்தக் கையையே கவனித்தேன்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையைக் கொட்டினேன். அவர் கிளறி, ஏழெட்டு முற்றல் இலையைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் அந்தக் கை எடுத்த லட்சணமா?"

"அது என்கூடப் பொறந்த கை எடுத்ததுங்க ஐயா. புதுக் கை எடுத்தது இந்தா இருக்கு." துணிப்பையை அவிழ்த்துக் கொட்டினேன்.

குனிந்து இரண்டு முறை கிளறினார். ஒரு முற்றல் இலையும் அகப்படவில்லை.

"பிள்ளைக்காம்பராவுக்கு ஆள் வேணும்னா இந்த எடது கைய அனுப்புங்க," என்றேன். "நாளைக்கு நான் மலைக்குப் போறேன்."