நீலக் கதவுக்குள்

என் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். அதற்குள் தெரு மிதக்கும், குடைகள் மிதக்கும். பத்து தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவாள். "அக்கா, எந்தக் கிரகத்துல இருக்கே?" என்று கேட்டால், நிஜமாகவே ஏதாவது ஒரு கிரகத்தின் பெயரைச் சொல்வாள்.

எல்லாம் அந்த விண்கப்பல் நாவல்கள் செய்த வேலை. ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும். அக்கா உரக்கப் படிப்பாள். அவள் புருஷன், என் மாமா, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாமா சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கியவர். கூரை முட்ட அடுக்கினாலும் நடுவில் ஆள் போக வழி விட்டிருப்பார். கதையில் கப்பலின் அடித்தளத்தில் ஒரு நீலக் கதவு உண்டு. எந்த நாவலிலும் அது திறந்ததில்லை. உள்ளே தோட்டம் என்பாள் அக்கா, கடல் என்பார் மாமா. சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை நடக்கும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மாமாவுக்கு நோய் முற்றி டாக்டர்கள் கைவிரித்த பிறகு, அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் அந்த நீலக் கதவுக்குள்ளதான் இருப்பேன். நீ அவசரப்படாம மெதுவா வா." அக்கா அழவில்லை. அவர் எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த மழைக்காலத்தில் புதிய நாவல் ஒன்று வந்தது. கப்பல் கட்டப்பட்ட நாட்களைச் சொல்லும் முன்கதை. அக்கா லீவு போட்டுவிட்டுப் படித்தாள். சாயங்காலம் நான் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கதவைத் திறந்துட்டாங்கடா."

"உள்ள என்ன?"

"ஸ்டோர் ரூம். பழைய பெட்டியா அடைச்சு வெச்சிருக்காங்க. கால் வைக்க இடமில்ல. அவர் எங்கடா உட்காருவாரு?"

எழுதிய ஆசாமி எதிரில் இருந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இத்தனை வருஷம் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே தட்டுமுட்டுச் சாமானா? அந்தக் கதைகளில் ஒரு பக்கம்கூடப் படிக்காத எனக்கே வயிறு எரிந்தது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினேன். அட்டையில் 'முன்கதை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அக்கா, இது முன்னாடி நடந்த கதைதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மாமா அப்போ அங்க போகவே இல்லையே. அப்புறம்தானே போனாரு? பெட்டியைப் பார்த்தா அவர் சும்மா இருப்பாரா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நின்ற துளிகளுக்குள் தெருவிளக்குகள் மிதந்தன. அவள் பார்வை மெல்ல அங்கே போனது.

"முதல்ல வழி பண்ணுவாரு" என்றாள்.

"பின்னே?"

"எல்லாத்தையும் சுவரோரமா ஒதுக்கிடுவாரு." புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நடுவுல எனக்கும் இடம் விட்டிருப்பாரு, இல்லடா?"