அம்சா அக்காவின் இடது பெடல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்சா அக்காவின் பதினாறாம் நாளுக்காகப் போடும் இந்தச் சிறு நினைவு மலரில் எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான்கு பேர் கூடினால் நான் வாய் திறக்காதவள் என்பது நம் ஞாயிறு சைக்கிள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சொல்ல முடியாமல் போன ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்சா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது, ஜவ்வாது மலை அடிவாரத்துக் கரட்டுப் பாதையில் இரண்டு சைக்கிள்களோடு நின்றிருந்தேன். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. குழுவில் மற்றவர்களின் சைக்கிள்கள் பாறையோரம் கிடந்தன. மயங்கியிருந்த அக்காவை அந்த வழியாக வந்த காரில் ஏற்றிக்கொண்டு மற்றவர்கள் போளூர் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும் என்றார்கள், தலையாட்டினேன். கைபேசியில் "அக்கா போய்ட்டாங்கம்மா" என்று ஒரு குரல் சொன்னது. அதற்குப் பிறகும் வெகுநேரம் அவருடைய சைக்கிளின் கைப்பிடியை நான் விடவில்லை.

வேங்கிக்காலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நானும் அவரும் எதிரெதிர் மேசை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சேர்ந்த புதிதில், மதியம் யாரையும் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன். ஏன் பேசுவதில்லை என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. தன் டப்பாவை என் பக்கம் தள்ளி, "கத்திரிக்கா ஜாஸ்தியா கீது, எடுத்துக்க" என்பார். தினமும் ஏதாவது ஒன்று ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

முன்பு எப்போதோ நடந்த பேருந்து விபத்தில் அவருக்கு இடது பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. நடப்பார், சைக்கிள் ஓட்டுவார். ஆனால் பாதம் எங்கே இருக்கிறது என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும். மலைப் பாதையில் சக்கரம் கல் மேல் ஏறிக் குலுங்கும்போது பாதம் பெடலைவிட்டு நழுவிவிடும். முழங்காலுக்குக் கீழே பெடல் இடித்த தழும்புகளை அவரே எங்களுக்குக் காட்டியிருக்கிறார்.

அவருடைய கணவர் ஏழுமலை அண்ணா தேடித் தேடி வாங்கிக் கொடுத்ததுதான் காந்தப் பெடல். பெடலுக்குள் காந்தம் இருக்கும். ஷூவுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு. கால் வைத்தால் 'டக்' என்று ஒட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். "ஷூவைப் பூட்டிக்கிற மாதிரி பெடலும் விக்கிறாங்க. அது இவளுக்கு ஆவாது, சட்டுனு கழட்ட வராது" என்று அண்ணா எங்களுக்கு விளக்கினார். அக்கா இரண்டு சுற்றுப் போய்வந்து, "காலுக்குத் தெரியலைன்னா இன்னா, காதுக்குத் தெரியுது" என்றார்.

என்னுடையது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவேன். "ஏம்மா, நீ அத ஓட்டுறியா, இல்ல அது உன்ன வாக்கிங் கூட்டிட்டுப் போவுதா?" என்று அக்கா மேலேயிருந்து கத்துவார். கத்திவிட்டு, நான் வரும்வரை அங்கேயே நிற்பார்.

ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் வெறுங்காலோடு மலை சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான், இடது பாதத்தில் ஆணி ஏறியிருந்ததை அக்கா பார்த்தார். அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை, கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்து நின்றார். சாலையோரக் கடைகளுக்குப் பந்தல் அடித்த இடமெல்லாம் ஆணி சிதறிக் கிடக்கும். அண்ணா கழற்றிக் கொடுத்த இடது பெடலைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு, நைலான் கயிறு கட்டி, தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். ஆணி, ஊக்கு, கம்பித் துண்டு எல்லாம் சாக்ஸில் வந்து ஒட்டின. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, நாய்க்குட்டி இம்மாத்தூண்டு கீது?" என்றார்.

"கடிக்காது. ஆணி மட்டும்தான் துன்னும்."

கடைசியில் பெடலை உருவியெடுத்ததும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. அதன்பின் ஒவ்வொரு மாதமும் நாங்கள் போனோம்.

ஏழுமலை அண்ணா, இனி எழுதுவது உங்களுக்கு.

சாவு வீட்டில் நீங்கள், "நான்தான வாங்கிக் குடுத்தேன், அது அவ கால விடலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். அக்காவின் பக்கத்தில் சைக்கிள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகும், விழுந்த அதிர்ச்சியில்தான் வந்தது என்ற பேச்சு நிற்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்த எனக்குக் குரல் எழும்பவில்லை.

அக்கா விழவில்லை, அண்ணா. நான் அவருக்குப் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேட்டில் வேகத்தைக் குறைத்தார். வலது குதிகாலைத் திருப்பினார், பிறகு குனிந்து பார்த்து இடதையும் திருப்பினார். இரண்டு கால்களும் உடனே விடுபட்டன. நிதானமாக இறங்கி, சைக்கிளைப் பாறையில் சாய்த்து நிறுத்தினார். "மூச்சு வாங்குது, தண்ணி குடும்மா" என்று உட்கார்ந்தார். குடித்துவிட்டு, என் சைக்கிளைப் பார்த்து, "வாக்கிங் முடிஞ்சுதா?" என்று சிரித்தார். அதன்பிறகுதான் சாய்ந்தார். தாங்கிப் பிடிக்க நான் பாய்ந்தபோது என் முதுகு இடித்து அவருடைய சைக்கிள் சரிந்தது. மற்றவர்கள் வந்து பார்த்தது அதைத்தான்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த பெடல் அவர் கேட்டபோதெல்லாம் காலை விட்டது. அன்றைக்கும் விட்டது.

அதைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போட வேண்டாம். பௌர்ணமி வருகிறது, எங்கள் ஊரில் பந்தல் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் நீங்கள் மலை சுற்றக் கூடாது என்பார்கள், சுற்ற வேண்டாம். முதல் நாள் மாலை இடது பெடலை எடுத்துக்கொண்டு அந்த டீக்கடை வரைக்கும் மட்டும் வாருங்கள், அண்ணா. கயிறு என்னிடம் இருக்கிறது. சாக்ஸையும் துவைத்து வைத்திருக்கிறேன்.