கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சு

மூன்றாவது முறையும் அதே இருமல் மருந்து பாட்டிலில் சிறுநீர். மேலகரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் மேஜையில், பரிசோதனைக்கு வந்த அக்கா கைக்குட்டையில் சுற்றி அதை வைத்தபோது மணி பதினொன்று. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: சிறுநீரில் கிருமியைத் தேடிய நான், பாட்டில் எத்தனை மணிக்குக் கிளம்பி வந்தது என்று கேட்கவே இல்லை.

"எப்பக்கா பிடிச்சீங்க?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு. கடையத்துல இருந்து ரெண்டு பஸ் மாறணும்லா."

ஆறு மணி நேரம். அதற்குள் பாட்டிலில் இருந்த கிருமி, தோலில் இருந்து விழுந்த கிருமி எல்லாம் பெருகியிருக்கும். முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே வரிதான்: பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி சிறுநீர் கொடுக்கவும்.

அக்காவுக்கு ஆறாம் மாதம். இரண்டு வாரமாக எரிச்சல், நேற்றிலிருந்து அடிவயிற்றில் வலி. கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைப்பிரசவம் வரை போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து எந்த மருந்து என்று தெரிய எங்கள் ரிப்போர்ட் வேண்டும்.

"நான் குடுத்த சுத்தமான டப்பா என்னாச்சு?"

"அது கண்ணாடி மாதிரிலா இருக்கு. பஸ்ஸுல எப்படிக் கொண்டாருவேன்? இதுன்னா டானிக்குன்னு நெனச்சுக்கிடுவாவ."

"இங்கயே போய்ப் பிடிக்கலாம்லா?" கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று படமே வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். படித்து முடித்து வந்த ஜோரில் ஒட்டியது. சாரல் ஈரத்தில் இப்போது ஒரு மூலை தொங்குகிறது.

அக்கா கழிப்பறைப் பக்கம் பார்த்தார். கதவுக்கு நேர் எதிரே பெஞ்சு. குற்றாலத்தில் குளித்துக் காய்ச்சல் வாங்கிக்கொண்ட ஆண்கள் ஐந்து பேர் அதில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"அத்தன பேரு முன்னால டப்பாவத் தூக்கிட்டுப் போவவா?" குரலைத் தாழ்த்தினார். "நீ போவியா தங்கச்சி? இங்கன வந்து முட்டிரக் கூடாதுன்னு காலையில இருந்து ஒரு மடக்குத் தண்ணி குடிக்கல."

போகமாட்டேன். வேலை நேரத்தில் நானும் தண்ணீர் குடிப்பதில்லை. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் முதலில் விளக்கியதுகூட இதே மேஜையில், அந்தப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான். அதனால்தான் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆய்வகம் நடத்தும் அண்ணாச்சியிடம் பெஞ்சை நகர்த்தலாமா என்று கேட்டேன்.

"போன மாசம் படம் ஒட்டின. இப்ப பெஞ்சா? அடுத்து என்னைய நகத்திருவ போலயே. சீசன் முடியட்டும், ஏட்டி."

வாதாடத் தெம்பில்லை. காலையிலிருந்து ரத்தம் எடுத்து எடுத்துக் கை மரத்திருந்தது.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகும்வரை அக்காவை இருக்கச் சொன்னேன். வீட்டில் சுற்றிய பீடிக்கட்டை மூன்று மணிக்குள் ஊரில் ஒப்படைக்க வேண்டுமாம்.

"நாளைக்கு வாரீங்களா? தண்ணி குடிச்சிட்டு வாங்க. ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தா இங்க வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

"அந்தப் பெஞ்சு இருக்குமா?"

"இருக்காது."

சொல்லிவிட்டேன். மாலையில் எல்லோரும் போனபின் குனிந்து பார்த்தால், பெஞ்சின் கால்களைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள். எட்டு போல்ட், எல்லாம் துரு. நாளைக்கு அண்ணாச்சி ஒன்பது மணிக்குத்தான் வருவார். நான் ஏழுக்கே போக வேண்டும். ஸ்பேனரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பைக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்.