பின் சீட்டில் கேட்காத சத்தம்

அண்ணாமலையாரை நம்பி வாழும் சொந்தங்களுக்கு, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து செல்வி எழுதுகிறேன். என் தாலி இன்று என் கழுத்தில் இருப்பது அவர் போட்ட பிச்சை. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன புரட்டாசிப் பௌர்ணமி. மத்தியானம் நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சாயங்காலம் கிரிவலத்துக்கு ஆட்களை ஏற்றிப் போக வேண்டும், அதற்குள் ரெண்டு சால் முடித்துவிடலாம் என்று இறங்கினார். கொடியைப் பிடித்து இழுத்தவர் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் கடித்துவிட்டுப் போனது கண்ணாடி விரியன். நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. வரப்போரம் நின்ற எங்கள் காரிலேயே அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். காலை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டினேன். அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணவென்று குறை சொல்லாமல் வரமாட்டார். அன்று அவர் வாயே திறக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

பாதி வழியில் வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். இஞ்சின் கரகரவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. திரும்பவும் அதேதான். கீழே இறங்கிக் கை காட்டினேன். பௌர்ணமிக் கூட்டம் பிதுங்கிக்கொண்டு போன பஸ்கள் எதுவும் நிற்கவில்லை. அவர் கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? அழுகைதான் வந்தது.

நிமிர்ந்தால் எதிரே அண்ணாமலையார் மலை. எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "உன்னப் பாக்க வர்றவங்கள மாசா மாசம் ஏத்தினு வந்து உன் வாசல்ல எறக்குனாரே, அவர நடுரோட்ல உட்டுட்டியே! நீ இருக்கியா இல்லையா? இருந்தா இப்ப வா!" என்று கத்தினேன். தேவாரம் இல்லை, திருவாசகம் இல்லை. என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

கத்தி முடிக்கவில்லை, காருக்குள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"செல்வி, சாவிய ஆஃப் பண்ணி ஆன் மட்டும் பண்ணு. ஸ்டார்ட் பண்ணாத."

செய்தேன். அவர் சீட்டில் காதை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி... ம்ஹூம். சத்தம் வரல."

"இன்னா சத்தம்ங்க?"

"பெட்ரோல் பம்பு இந்த சீட்டுக்கு அடியிலதான் கீது. சாவி போட்டா உய்ங்னு சுத்தணும். இப்ப சுத்தல. பம்பே போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ரிலே போயிருந்தா பொழச்சோம்."

ரிலே என்பது பம்புக்குக் கரண்டு அனுப்பும் சின்ன சதுரப் பெட்டி. பானெட்டுக்குள் ஃபியூஸ் டப்பாவில் இருக்கிறது. படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல, சாவியை ஆஃப் செய்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

"மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும் பாரு. ஹாரன் ரிலேவும் அதே சைஸு. அத புடுங்கி பம்பு ரிலே எடத்துல சொருவு."

நகம் பிய்ந்தது, பிடுங்கி மாட்டினேன். சாவியைப் போட்டேன்.

"வருது! செல்வி, வருது! உய்ங்னு வருது!"

அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். முதல் திருகிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அண்ணாமலையார் ஊர் எல்லையில் அடுத்த சோதனை. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஜனம் ரோடு முழுக்க நடந்தது. ஹாரனை அழுத்தினால் சத்தமே இல்லை. அதன் ரிலேதானே பம்பில் இருக்கிறது! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணாமலையாருக்கு!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். "அரோகரா!" என்று கூட்டம் மொத்தமும் திரும்பியது. பின் சீட்டில் கிடந்தவரைப் பார்த்தது. "பாம்பு கடிச்சிடுச்சிங்க, வழி உடுங்க!" என்றேன். துண்டை வீசிக்கொண்டு ஒருவர் எனக்கு முன்னால் ஓடினார். போலீஸ்காரர் தடுப்பை இழுத்துத் தள்ளினார். நான் கத்தக் கத்த, அரோகரா சொல்லிச் சொல்லி ஜனம் ஒதுங்கியது. எந்த ஹாரனுக்கு அப்படி ஒதுங்குவார்கள்?

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். "இன்னும் லேட் பண்ணியிருந்தா கிட்னி போயிருக்கும்மா" என்றார் டாக்டர். விடிந்ததும் என் வீட்டுக்காரர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "ஹாரன் ரிலே வாங்கிட்டியா?" என்பதுதான். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்குத்தான் மனம் குளிர அவரைத் திட்டினேன்.

இது மெக்கானிக் வேலைதானே, சாமி எங்கே வந்தார் என்று கேட்கிறவர்கள் உண்டு. எப்போதும் ஸ்டியரிங்கில் உட்காருகிறவர் அன்று பம்புக்கு நேர் மேலே காதை வைத்துப் படுத்திருந்தார். முன் சீட்டில் இருந்த எனக்கு அழுகையில் அந்தச் சத்தம் வரவில்லை என்பதே தெரிந்திருக்காது. படுக்க வைத்தது பாம்புதானே என்பீர்கள். பாம்பைக் கழுத்தில் சுற்றியிருப்பவரிடம் அதையும் கேட்டுச் சண்டை போட்டுவிட்டேன், அது எங்களுக்குள் இருக்கட்டும்.

இப்போது பௌர்ணமியில் நாங்கள் வாடகைக்குப் போவதில்லை. கிரிவலப் பாதையில் யாருக்காவது முடியாமல் போனால் ஏற்றிக்கொண்டு ஓட வண்டி தயாராக நிற்கும். ஒரு மாதம் அவர் ஓட்டுகிறார், ஒரு மாதம் நான்.

உங்கள் பிழைப்பும் நடுவழியில் நின்று போயிருக்கலாம். கோயில் வாசல் வரை போய்ச் சேர்ந்துதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. நிற்கிற இடத்திலேயே கூப்பிடுங்கள். மந்திரம் தெரியாவிட்டால் கோபமாகவாவது கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "நேத்து வண்டிய இன்னாடி இப்படி ஓரமா ஒரசி வெச்சிக்கீற?" என்று கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும். நான் கேட்ட வரம் அதுதான்.