பூஜை அறையில் குடிவைத்த கறுப்புப் பெட்டி

“எந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வாங்குனா கரண்ட் கம்மியா குடிக்கும்னு என்னாண்ட வந்து கேக்குறியே, உனக்கு வேற வேலை இல்ல? மூணாங்கிளாஸோட ஸ்கூலை விட்டவ நானு. தெரிஞ்சிகினு நீ இன்னா கிழிக்கப் போற?”

என் தங்கை மகளை இப்படித் திட்டிவிட்டுத்தான் கதையை ஆரம்பித்தேன். திட்டாமல் சொன்னால் யாரும் மதிப்பதில்லை.

என் மகளுக்கு அமெரிக்காவில் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். போட்டோவில் எல்லாக் குழந்தையும் கொழுக்கட்டை மாதிரிதான். அவள் நடக்க ஆரம்பித்ததும் வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றியிருப்பதாக மகள் போனில் சொன்னாள். அதை இறக்குவது என் மகன் பொறுப்பு.

எங்கள் வீட்டு லைனில் அது சித்திரை மாதக் குழாய்த் தண்ணீர் மாதிரி சொட்டியது. மகன் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவான். மத்தியானம் கரண்ட் போகும். அந்தப் பெரிய கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரை உறிஞ்சிக் குடித்துவிட்டு அணையும். கூடவே என் தலைக்கு மேலே ஃபேனும் நிற்கும். இறங்கினதெல்லாம் வீண். மறுநாள் முதலிலிருந்து. பேத்தி கல்யாணமாகிப் போவதற்குள் அவள் நடப்பதைப் பார்ப்பேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இதுக்குன்னே சின்னதா ஒரு மிஷினு போட்டுடலாம்மா,” என்றான் மகன். “கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடிகினே இருக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு உருப்படிகளைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். ஒன்று, நண்பனிடம் கேட்டு வாங்கிவந்த பழைய லேப்டாப். இன்னொன்று, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குத் திரை இல்லை, பட்டன் இல்லை, சத்தமும் இல்லை; மினுக்கும் பச்சை விளக்கு ஒன்று மட்டும். ஹார்டு டிஸ்க் ஒன்று அதன் வாலில் கட்டியதுபோல் கிடந்தது. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“லேப்டாப்தாம்மா நல்லது. அதுக்குள்ளயே பேட்டரி இருக்கு.”

“கெழவனுக்குக்கூடத்தான் பல்லு இருக்கு. முறுக்கு கடிக்கிறானா பாரு,” என்று அவன் கண்ணெதிரே பிளக்கைப் பிடுங்கினேன். குக்கர் ஒரு விசில் விடுவதற்குள் லேப்டாப் கண்ணை மூடியது.

அடுத்து ரெண்டையும் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லையும் பால் சட்டியையும் தொட்டே காலம் தள்ளிய கை இது. லேப்டாப்பின் அடிவயிறு சுட்டது. பெட்டியோ, தயிருக்கு உறை ஊற்றும் பால் பதத்தில் இருந்தது.

“கரண்ட்டை நெறைய துன்னாதாண்டா ஒடம்பு சுடும். இவ கொஞ்சமா துன்றா. இவளே போதும்.”

“ஆங், ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியற கரண்ட்டுதாம்மா இதுக்கு. நின்னு போனாலும் விட்ட எடத்துலருந்து புடிச்சிக்கிறா மாதிரி பண்ணிடறேன்,” என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

இன்வெர்ட்டர் லைனில் பூஜை அறை பிளக் மட்டும்தான் காலி. பெட்டியை மோடத்தோடு அங்கே குடிவைத்தோம்.

ஆயுத பூஜையன்று மகன் பைக்குக்குப் பூஜை போட முருகன் கோயில் மலைக்குக் கிளம்பினான். “சாயந்தரத்துக்குள்ள வீடியோ முழுசா எறங்கிடும், தொடாதம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் மருமகள் வந்தாள்.

“அத்தே, மிஷினுன்னா எல்லாம் மிஷினுதான். நிறுத்திட்டுப் பொட்டு வெச்சிடணும். நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுட்டுதான் தொடணும்.”

அரிவாள்மணையும் தையல் மெஷினும் ஏற்கெனவே பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தன. நான் பெரிய கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை போட்டு முன்னால் உட்காரவைத்தேன். மருமகள் வடை தட்டப் போன நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பொதட்டூர்பேட்டைத் தறித் துண்டால் இறுக்கிப் போர்த்தி, முருகன் படத்துக்குப் பின்னால் தள்ளினேன்.

சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகளுக்குப் பாம்புக் கண். “இன்னாக்கா, முருகன் பின்னால பச்சையா மினுக்குது?”

“மயிலு,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மயில் அணைந்துவிட்டது. துண்டை விலக்கினால் பெட்டி அடுப்பாகக் கொதிக்கிறது. மலையிலிருந்து திரும்பிய மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

“எம்மா, இதுக்குள்ள ஃபேனே கெடையாது! காத்து பட்டாதான் சூடு எறங்கும். சொரம் வந்த புள்ளைக்குப் போத்தறா மாதிரி போத்தி வெச்சிருக்கியே!”

விசிறியை எடுத்து நானே வீசினேன். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் அப்படி வீசியதில்லை. ஆறினதும் மகன் போட்டான். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடியோ முழுசாக இறங்கிவிட்டது.

ஆனால் எதில் பார்ப்பது? லேப்டாப் நண்பனிடமே போய்விட்டது. திரை இருந்தது, மாலை போட்டு உட்கார்ந்திருந்த பெரிய கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். மருமகள் குறுக்கே நின்றாள்.

“விடிஞ்சப்புறம்தான் அத்தே.”

“கொழந்த எந்த ஊர்ல கீது?”

“அமெரிக்காவுல.”

“அங்க இப்ப?”

அவள் யோசித்தாள். “விடிஞ்சிருக்கும்.”

“அப்போ கற்பூரத்தை ஏத்து.”

மறுபூஜை முடிந்தது. மாலையை ஒதுக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பேத்தி சோபாவைப் பிடித்து எழுந்தாள். ரெண்டு அடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். மீதி வீடியோ பூராவும் என் மகளின் கால் கட்டைவிரலும் தரை விரிப்பும்தான். கேமராவை நிறுத்த மறந்திருக்கிறாள். அந்த ரெண்டு அடியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். மகன் அலுத்துப்போய் எழுந்து சாப்பிடப் போன பிறகு மருமகள் போட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலில் மடக்கினார்கள்.

“கொழந்த நடக்குதாக்கா?”

“நடக்கறதா? ஓடுறாடி! பின்னால ஓடி ஓடி என் பொண்ணு கேமராவையே தரையில தொங்க வுட்டுட்டா. அவ காலுதான் தெரியுது, பேத்தி எப்பவோ தாண்டிப் பூட்டா!”