வரிசையில் நின்று கேட்டவர்கள்

என் மனைவி அன்று கோவிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுக் குருவிடம் அறிக்கையிட்ட பாவம் என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன். எனக்குத் தெரியும். அன்று வரிசையில் நின்ற இருபது பேருக்கும் தெரியும். குருவின் வாயைக் கட்டுகிற அதே கட்டு, தற்செயலாகக் கேட்டுவிட்டவனின் வாயையும் கட்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஞானோபதேச வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். படித்தவர்களின் வாய் அந்த வாரம் என்ன செய்தது என்பதையே எழுதப் போகிறேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் கூடம் ஒன்றில் அவள் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரத் துணியால் துடைத்து நீக்குவது அவள் வேலை. அவள் அமர்ந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, கல்லையும் மண்ணையும் நீரோடு அரைக்கும் இரும்பு உருளை நாள் முழுவதும் சுழன்றது. முதலில் குக்கர் விசில் அவள் காதைவிட்டுப் போயிற்று, பிறகு கோவில் மணி, பிறகு நான். அலைபேசி எல்லோர் கைக்கும் வரத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், எங்கள் வீட்டில் பேச்சு உதட்டசைவாலும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தாலும் நடந்தது. முகம் தெரிந்தால் அவளுக்குப் பேச்சுத் தெரியும். தன் குரலின் அளவு மட்டும் தெரியாது. உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டுவேன், குறைத்துக்கொள்வாள்.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தவக்காலத்தில் தேவதாயின் வியாகுலத்தைச் சொல்லும் பழைய விருத்தங்களைப் பீடத்தின் ஓரம் நின்று பாடுபவன். நான் பயின்ற பக்திப் பாக்களில் புலவர்கள் இறைவனோடு வழக்காடுவார்கள். கூவினேன், உன் செவி என்ன கல்லா என்று கேட்பார்கள். அவற்றை நான் உருகிப் பாடக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. அதே வாயால் முப்பது ஆண்டுகள் மாணவர்களை, “செவிடன் காதில் ஊதிய சங்கு” என்று வைதிருக்கிறேன். அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், அவள் உதட்டைப் படிப்பாள் என்று தெரிந்தே.

குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள் மாலை. வரிசை தொட்டியின் பக்கத்திலிருந்து சுவரோரமாகக் கதவுவரை நீண்டிருந்தது. அவள் முழந்தாளிட்டபோது எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எட்டடி தூரம்.

அவள் தொடங்கினாள். கோவில் முழுவதும் கேட்டது. நடுவிலிருந்த சல்லடைப் பலகைக்குப் பின்னால் குருவின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவர், “மெதுவா, மெதுவாம்மா” என்றார். அது அவளை எட்டவில்லை. பின்னர் பலகையை விரலால் தட்டினார். பலகை அதிர்ந்ததை உணர்ந்தவள், சாமிக்குத் தன் பேச்சுக் கேட்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, முதலிலிருந்து இன்னும் உரக்கச் சொன்னாள்.

வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒருத்தி, அடுத்தவள் விலாவில் இடித்தாள். நான் என் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டடி நடந்துபோய் அவள் தோளைத் தொட்டு, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் நின்றேன். வெட்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவளுடைய பாவத்தைப் பற்றிய வெட்கம் அல்ல. அவளுக்குக் கணவனாக அங்கே நிற்க நேர்ந்த வெட்கம். அதை இன்றும் என்னால் செரிக்க முடியவில்லை.

அவள் ஏதுமறியாமல் எழுந்து, முகம் தெளிந்து, பாவத்துக்குக் குரு விதித்த அபராதச் செபத்தைச் சொல்ல முன் பெஞ்சுக்குப் போனாள்.

மறுநாள் திருப்பலி முடிந்து எல்லோரும் குருத்தோலையோடு முற்றத்தில் நின்றோம். “மைக்செட்டு அக்கா வராங்க, வழி வுடுங்கப்பா” என்று ஒரு குரல். சிரிப்பு. தண்ணீர்த் தொட்டி அருகே ஒருத்தி நெஞ்சில் கைவைத்து, கண்ணை மேலே உருட்டி, என் மனைவியின் வாக்கியங்களை வாயசைத்து நடித்துக்கொண்டிருந்தாள். நடித்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டதெல்லாம் வீண். என் மனைவிக்குக் குரல் வேண்டாம், உதடு போதும். இருபதடி தூரத்திலிருந்து தன் பாவத்தை இன்னொருத்தியின் உதட்டில் எழுத்துப் பிசகாமல் படித்தாள்.

வீட்டுக்கு வந்து குருத்தோலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகினாள்.

“எல்லாருக்கும் கேட்டுச்சா?”

தலையசைத்தேன்.

“உங்களுக்கும்?”

தலையசைத்தேன்.

“இனிமே அந்தத் தொட்டிப் பக்கம் போவ மாட்டேன். அவுங்க முன்னால போயி நன்மையும் வாங்க மாட்டேன்.”

சிறுமியாகப் புதுநன்மை வாங்கி, முதன்முதலாக நற்கருணை அப்பம் உட்கொண்ட நாள்முதல் ஓர் உயிர்ப்பு ஞாயிறும் நன்மை வாங்காமல் இருந்ததில்லை அவள். பிரசவம் ஆன பத்தாம் நாள்கூட ரிக்ஷாவில் வந்து வாங்கியவள்.

திங்கட்கிழமை பங்குக் குருவிடம் போனேன். கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவையின் செயலரும் அங்கே இருந்தார். முகத்தைப் பார்த்து, வேண்டுமானால் தாளில் எழுதி, அவள் சங்கீர்த்தனம் செய்ய வழிசெய்யுங்கள் என்று கேட்டேன்.

குரு இளைஞர், கெட்டவர் அல்லர். “ஐயா, எழுதுன தாளு யாரு கையிலயாவது மாட்டிக்கிட்டா?” என்று கவலைப்பட்டார். இருபது பேர் காதில் ஏறியதைப் பற்றி அவருக்கு அந்தக் கவலை வந்ததாகத் தெரியவில்லை. பிறகு, “வயசானவங்க, காது கேக்காதவங்க. ஆண்டவருக்குத் தெரியாதா? அவங்க சங்கீர்த்தனம் பண்ணாமலே நன்மை வாங்கட்டுங்க” என்றார்.

செயலர், “இல்லன்னா எல்லாரும் போன பிறவு கடைசி ஆளா வரச் சொல்லுங்க, வாத்தியாரய்யா. யாருக்கும் தொந்தரவு இருக்காது பாருங்க” என்றார்.

யாருக்கும்! கோபுரத்தில் நான்கு திசைக்கும் புதுக் குழாய் ஒலிபெருக்கி கட்டி, காது கேட்கிறவர்கள் கேட்டு எரிச்சலுற்ற பாட்டையே மீண்டும் கேட்கச் செய்த பேரவை அது. நற்செய்தியில் ஆண்டவர் ஒரு செவிடனைக் குணமாக்கக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போனார்; தாமே அழைத்துப் போனார். கூட்டம் கலைந்தபின் வா என்று அவனிடம் சொல்லவில்லை. இதை நான் அங்கே சொன்னேன். சொன்ன விதத்தில் மேசைமேல் இருந்த டீ தளும்பியது.

வீட்டில் இரண்டு யோசனைகளையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாவதைப் படித்தபோது அவள் முகம் சிவந்தது.

“நான் என்னா பச்சப்புள்ளையா? பாவம் பண்ணத் தெரிஞ்சவளுக்குச் சொல்லத் தெரியாதா?”

இரண்டாவதைப் படித்துவிட்டுத் தாளைக் கிழித்தாள். “வரிசையிலதான் நிப்பேன். கேக்கக் கூடாதவங்க தள்ளிப் போவட்டும்.”

வருவதில்லை என்றவளை மீண்டும் வர வைத்தது எங்கள் சமாதானம் எதுவும் அல்ல. அந்தச் சலுகையின் அவமானம்தான்.

புனித வாரத்துப் புதன்கிழமை மாலை மீண்டும் வரிசை. அவள் முறை வந்தபோது, அனைவரும் சற்றுநேரம் முற்றத்தில் நிற்குமாறு வேண்டினேன்.

“முட்டி வலிங்க, வாத்தியாரய்யா.”

“எடம் போயிடும்.”

“கேட்டது கேட்டாச்சு, இனிமே என்னாங்க?” என்றார் ஒருவர். சிரித்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

நான் பீடத்தின் ஓரம் போய் நின்று வியாகுல விருத்தத்தை எடுத்தேன். எவரும் உடன் பாடவில்லை. பக்தியால் பாடவில்லை நான், ஆத்திரத்தால் பாடினேன். மகனை இழந்த தாயின் புலம்பலை, அவர்கள் காதுக்கும் என் மனைவியின் வாய்க்கும் நடுவே சுவராக எழுப்பினேன். பாடிக்கொண்டே பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்துச் சல்லடைப் பலகையில் ஒட்டிப் பிடித்தாள். ‘சாமி, காது கேக்காது. முகத்தக் காட்டுங்க’ என்று அவளே எழுதி வந்தது. பின்னர் தொட்டியின் திரை விலகியது. குரு வெளியே சாய்ந்து அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் கண் கலங்கியிருந்ததா என்று கேட்காதீர்கள். நான் கேட்டும் செய்யாததை அவள் எழுதிக் காட்டிய பிறகு செய்தார், அவ்வளவே.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: “என்னாத்துக்கு அப்படிப் பாடுனீங்க? கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிக்கிட்டு நின்னுச்சு.”

“யாரு காதுலயும் வுழக் கூடாதுன்னு” என்றேன், அவள் பார்க்கும்படி மெதுவாக.

“வுழுந்தா வுழட்டும். உங்களப் பத்தித்தான் சொன்னேன். அன்னிக்கு எட்டடியில நின்னுக்கிட்டு என்னை வந்து தொடலியே, அத மன்னிக்க முடியலன்னு சொன்னேன்.”

“சாமி என்ன சொன்னாரு?”

“மன்னிக்கப் பாருங்கன்னாரு. பாக்குறேன்.”

இதை மட்டும் எழுதிக்கொள்ள அவள் சம்மதம் தந்திருக்கிறாள்.

அந்த உயிர்ப்பு ஞாயிறன்று அவள் முன்வரிசையில் போய் நன்மை வாங்கினாள். நான் வாங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் இறங்கவில்லை. அதைத் தொட்டியில் போய்ச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெஞ்சிலேயே அமர்ந்திருந்தேன். அன்று முற்றத்தில் ‘மைக்செட்டு அக்கா’ என்று குரல் கொடுத்தவள் நன்மை வாங்கித் திரும்பும்போது, வாத்தியாரய்யாவுக்கு உடம்புக்கு என்ன என்று மிகுந்த பரிவோடு கேட்டாள்.